தாம் படைத்த பாத்திரங்களிடம் கற்ற ஆசிரியர்

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனுக்குச் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையை (2 சாமுவேல் 12) நாம் அனைவரும் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். கதையைக் கேட்ட அரசன் தன்னையறியாமல் தனக்கே தீர்ப்புரைத்துக்கொள்கிறான். அவ்விடத்திலேயே நம் கவனமெல்லாம் நிற்கிறது. கதையைச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. நாத்தானுக்குத் தம் கதை எங்கே போய் முடியும் என்பது முன்னமே தெரிந்திருந்தது. ஆனால் முடிவு தெரியாமல் கதையைத் தொடங்குவோரும், முடிவு தெரிந்துவிட்டதாக எண்ணித் தொடங்குவோரும் உண்டு. ஒருவனைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதற்கென்று எழுதப் புகுந்து, பாதி வழியில் தாமே அக்கூண்டில் நிற்பதைக் காணும் ஆசிரியர்களைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

தாம் படைத்த பாத்திரங்கள் தம் சொற்படி கேட்பதில்லை என்று நாவலாசிரியர்கள் அடிக்கடி கூறுவதுண்டு. ருஷ்யக் கவிஞர் புஷ்கின், 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் தமது செய்யுள் நவீனத்தின் கதாநாயகி தத்தியானா திருமணம் செய்துகொண்டது தமக்கே வியப்பளித்ததாக நண்பரிடம் சொன்னார் என்றொரு செய்தி வழங்குகிறது. இதைக் கேட்டு, ஏதோ ஆவியின் ஏவுதல் என்று நாம் மயங்க வேண்டியதில்லை. ஒரு பாத்திரத்துக்கு ஊரும் உறவும், பழைய வாழ்வும், அதில் பட்ட காயமும் அளித்துவிட்டால், அவை ஒவ்வொன்றும் ஆசிரியரின் கையைச் சிறிது கட்டுகின்றன. இத்தகையவள் இவ்விடத்தில் இப்படித்தான் பேசுவாள் என்பது ஒரு நிலையில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் முதலில் திட்டமிட்டதோ வேறு. அப்போது அவருக்கு இரண்டே வழிகள் உள்ளன. திட்டத்தைக் காத்து உண்மையைத் துறக்கலாம். அல்லது, தாம் யாரைப் பற்றி எழுதினாரோ அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

இதற்கு லியோ டால்ஸ்டாயை (1828–1910) விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவருடைய நாட்குறிப்புகள், கடிதங்கள், கிழித்தெறிய வேண்டியவை எனக் கருதத்தக்க முதற்படிகள் உட்பட யாவும் 1928 முதல் 1958 வரை 90 தொகுதிகளாக வெளியிடப்பட்டுள்ளன. ஆகவே, அவர் எந்த இடத்தில் எண்ணத்தை மாற்றினார் என்பதை ஊகிக்காமல் நேரடியாகவே காண முடிகிறது.

அன்னாவும் லெவினும்

1872-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், டால்ஸ்டாயின் ஊராகிய யாஸ்னயா பொல்யானாவுக்கு அருகிலிருந்த புகைவண்டி நிலையத்தில், அயலார் ஒருவருடைய வீட்டில் அவருடன் வாழ்ந்துவந்த ஒரு பெண், கைவிடப்பட்ட வேதனையால் ஓடும் வண்டியின் முன் பாய்ந்து உயிர்நீத்தாள். டால்ஸ்டாய் சென்று அவ்வுடலைப் பார்த்தார். அடுத்த ஆண்டில் 'அன்னா கரீனினா'வை எழுதத் தொடங்கினார். அதன் தொடக்கப்படிகளில் வரும் மனைவி கவர்ச்சியற்றவள், நாகரிகமற்றவள். அவளால் வஞ்சிக்கப்படும் கணவனே இரக்கத்துக்குரியவன். ஒழுக்கம் தவறியவளைக் காட்டிக் கண்டிப்பதற்கு வசதியான அமைப்பு அது. எழுத எழுத அந்த வசதி குலைந்தது. நாம் இன்று அறியும் அன்னா, முதற்படியில் இருந்தவளின் சாயலை ஏறத்தாழ முற்றிலும் இழந்தவள். வாசகர் அவளை நேசியாதிருத்தல் இயலாது. பழிவாங்குதல் யாருக்குரியது என்பதைக் கூறும் ரோமர் 12:19-ஐ டால்ஸ்டாய் நூலின் முகப்பில் வைத்தார். அவ்வசனம் அன்னாவுக்கு எதிரான தீர்ப்பா, அவள்மீது கல்லெறிய நின்ற சமூகத்துக்கான தடையா என்று திறனாய்வாளர் இன்றும் வழக்காடுகின்றனர். அவ்வழக்கு எழ இடம் இருப்பதே, ஆசிரியர் தொடங்கிய இடத்தில் நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்று என்போம்.

இந்நாவலில் அன்னாவின் காதலன் விரோன்ஸ்கி தற்கொலைக்கு முயலும் இடம் ஒன்றுண்டு. அது தாம் திட்டமிட்டதன்று என்று டால்ஸ்டாயே 1876 ஏப்ரலில் தம் நண்பர் ஸ்திராகவுக்கு எழுதியிருக்கிறார். முன்பே எழுதியிருந்த அதிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தாம் சற்றும் எதிர்பாராத வகையில், ஆனால் ஐயத்துக்கிடமின்றி, விரோன்ஸ்கி தன்னைச் சுட்டுக்கொள்ளத் துணிந்துவிட்டான் என்பது அக்கடிதத்தின் கருத்து. பின்வரும் பகுதிகளுக்கு அது இன்றியமையாததாயிற்று என்பது பிறகே தெரிந்ததாம்.

லெவினின் செய்தி வேறு வகையானது. நிலமும் அன்பான மனைவியும் ஆண்குழந்தையும் பெற்று நிறைவோடிருக்கும் லெவின், வாழ்வின் பொருள் விளங்காத கலக்கத்தால், தூக்கிட்டுக்கொள்வோமோ என்றஞ்சிக் கயிற்றை மறைத்துவைக்கிறான். துப்பாக்கியோடு வெளியே செல்ல அஞ்சுகிறான். இப்பகுதி 1877-இல் அச்சாயிற்று. அதன்பின் ஓரிரு ஆண்டுகள் கழித்து எழுதத் தொடங்கிய தமது 'ஒப்புதல் அறிக்கை'யில், கயிற்றை மறைத்ததும் துப்பாக்கியைத் தவிர்த்ததும் தாமே என்று டால்ஸ்டாய் சொன்னார். தம் பெயரால் சொல்ல நா எழாததை முதலில் பாத்திரத்தின் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் சொல்லியும் மாய்ந்துபோகவில்லை, லெவினும் மாய்ந்துபோகவில்லை. ஆயர்கள் சிலர் தம் சோர்வைச் சபையாரிடம் 'ஒரு நண்பருக்கு நேர்ந்தது' என்று சொல்லிப் பார்ப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதை நகையாட வேண்டியதில்லை.

கோனியின் கதை

இனி, நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். தமிழ் வாசகர் 'புத்துயிர்ப்பு' என அறிந்த நாவலைப் பற்றியது அது.

1887 ஜூன் திங்களில் வழக்கறிஞர் உலகில் பெரும்புகழ் பெற்றிருந்த அ. பி. கோனி, யாஸ்னயா பொல்யானாவுக்கு விருந்தினராக வந்தார். பீட்டர்ஸ்பர்க் நகரில் தாம் அரசு வழக்கறிஞராயிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை அவர் சொன்னார். உயர்குடி இளைஞன் ஒருவன் அவரிடம் வந்து, சிறையிலிருந்த ஒரு விலைமகளுக்குக் கடிதம் சேர்ப்பிக்க உதவும்படி வேண்டினான். அவள் பெயர் ரொசாலியா. குடிபோதையிலிருந்த ஒருவனிடம் நூறு ரூபிள் திருடியதற்காகத் தண்டிக்கப்பட்டவள். அவளை விசாரித்த நீதிமன்றத்தில் ஜூரியாக அமர்ந்தவர்களுள் அவ்விளைஞனும் ஒருவன். கூண்டில் நின்றவளைக் கண்டதும் அவன் திடுக்கிட்டான். தன் உறவினர் வீட்டில் வளர்ந்த அநாதைப் பெண்ணாகிய அவளைக் கெடுத்து இந்நிலைக்குத் தள்ளியவன் தானே. இப்போது அவளை மணந்து பிராயச்சித்தம் செய்ய விரும்பினான். அவளும் இசைந்தாள். ஆனால் திருமணத்துக்கு முன்பே சிறையில் நச்சுக்காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

டால்ஸ்டாய் இக்கதையில் நெஞ்சம் பறிகொடுத்தார். முதலில் கோனியையே எழுதச் சொன்னார். பின்னர் தாமே எழுத இசைவு பெற்றார். அதைத் தம் நாட்குறிப்பில் நெடுங்காலம் 'கோனியின் கதை' என்றே குறித்துவந்தார். அது அவருடைய கதையுமாகும் என்பதே அவ்வளவு எளிதில் எழுத வராமைக்குக் காரணமாயிருக்கலாம். இளமையில் தம் உறவினர் வீட்டுப் பணிப்பெண்ணாகிய காஷா என்பவளைக் கெடுத்ததாகவும், அவள் வெளியேற்றப்பட்டு அழிந்ததாகவும் தம் வரலாற்றை எழுதிய பிரியுகோவிடம் முதுமையில் அவர் கூறினார். தம்மைப்பற்றி நல்லதை மட்டும் எழுதலாகாது என்பதற்காகவே அதைச் சொன்னார். மனைவி சோபியாவின் 1898-ஆம் ஆண்டு நாட்குறிப்போ, காஷா இன்னும் உயிரோடு, டால்ஸ்டாயின் தங்கை வீட்டிலேயே பணிபுரிந்து முதியவளாயிருக்கிறாள் என்கிறது. இவ்விரண்டு பதிவுகளும் ஒத்துப்போகவில்லை. உண்மை எதுவாயினும், அவள் அழிந்துவிட்டாள் என்றே அந்த மனிதரின் மனசாட்சி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

எழுதத் தொடங்கியது 1889-இன் இறுதியில். முதலில் எழுதி முடித்த வடிவில் எல்லாம் சீராகவே நடந்தேறுகிறது. நெக்லூதவ் என்னும் பிரபு தான் கெடுத்த காத்யூஷாவைக் கண்டுகொள்கிறான், மனம் வருந்துகிறான், சைபீரியாவுக்கு அவளோடு செல்கிறான், அவளை மணக்கிறான், இருவரும் வெளிநாடு சென்று வாழ்கின்றனர். பாவம், மனந்திரும்புதல், ஈடுசெய்தல், நல்வாழ்வு. நம் பிரசங்கக் குறிப்பேடுகளில் இத்தகைய கதைகள் நிறையவே உண்டு.

அது டால்ஸ்டாயின் தொண்டையில் இறங்கவில்லை. 1895 நவம்பரில் ஒருநாள் நடைபயின்றுகொண்டிருந்தபோது தமக்குத் தெளிவு பிறந்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். கதை பொய்யான இடத்தில் தொடங்கப்பட்டுள்ளது. நெக்லூதவிடமிருந்து தொடங்கலாகாது, அவளிடமிருந்தே தொடங்கவேண்டும் என்று கண்டார். பிரபுக்களின் வாழ்வு நிழல், எளியோரின் வாழ்வே பொருள் என்பது அவர் அன்று கண்ட உண்மை. 1897 ஜனவரியில் மறுபடியும் கையெழுத்துப்படியை எடுத்தவர், நெக்லூதவ் அவளை மணக்கத் தீர்மானிக்கும் இடம் வந்ததும் அருவருப்போடு எறிந்துவிட்டார். எல்லாம் பொய், புனைவு என்று குறித்தார். தம்முடைய பிராயச்சித்தத்துக்கு ஒரு பெண்ணின் வாழ்வைக் கருவியாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் அந்நாட்குறிப்பில் விளக்கி எழுதவில்லை. ஆனால் நாவலில் எழுதினார். அதையும் காத்யூஷாவே சொல்லும்படி எழுதினார்.

முற்றுப்பெற்ற நாவலில் அந்தச் சிறைக்காட்சியை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் வாசித்தல் நன்று. முதல் சந்திப்பில் காத்யூஷா அவனிடம் பத்து ரூபிள் கேட்கிறாள். அவனுடைய மனமாற்றம் அவளுக்குப் பொருட்டில்லை. அடுத்த சந்திப்பில், மணந்துகொள்வதாக அவன் உருக்கத்தோடு சொன்னவுடன், மது அருந்தியிருந்த அவள் சீறி எழுகிறாள். இவ்வுலகில் என்னைக்கொண்டு இன்பம் கண்டாய், மறுமையிலும் என்னைக்கொண்டே தப்பிக்கப் பார்க்கிறாய் என்னும் பொருள்பட அவள் கத்துகிறாள். அவனுடைய கண்ணாடியையும் கொழுத்த முகத்தையும் சேர்த்து வெறுக்கிறாள். மனந்திரும்பிய பாவி ஒருவனுக்கு இதைவிடக் கசப்பான மறுமொழி இலக்கியத்தில் உண்டோ அறியோம். கவனிக்க: அவள் பரிசுத்தவதியாயிருந்து இதைச் சொல்லவில்லை. குடித்துவிட்டுச் சொல்கிறாள், வரைமுறையின்றிச் சொல்கிறாள், எனினும் அவள் சொல்வது மெய். சபைக்கு எதிராகக் கூச்சலிடுவோரின் வாயில் மது நாற்றம் வீசினால், அவர்கள் சொன்னதைக் கேளாதிருக்க அது நமக்குப் போதிய காரணமாகிவிடுகிறதல்லவா?

அவள் இடத்தில் நின்று பார்த்ததால் வந்த மற்றொரு காட்சியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கருவுற்ற காத்யூஷா, நெக்லூதவ் செல்லும் வண்டி தங்கள் நிலையத்தைக் கடக்கும் என்றறிந்து, இரவில், மழையில், வயல்வழியே ஓடிவருகிறாள். முதல் வகுப்புப் பெட்டியில் விளக்கொளியில் அவன் தோழருடன் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். சாளரத்தைத் தட்டுகிறாள், வண்டி நகர்ந்துவிடுகிறது. அடுத்த வண்டியின் சக்கரத்தில் விழுவோம் என்று நினைத்தவளை, வயிற்றில் அசைந்த குழந்தையே தடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. கடவுளைப் பற்றியும் நன்மையைப் பற்றியும் பிறர் பேசுவதெல்லாம் ஏமாற்றுவதற்கே என்னும் எண்ணம் அவ்விரவில்தான் அவளுக்குள் குடிகொள்கிறது. அன்னாவைக் கொன்ற தண்டவாளத்தருகே இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் வந்து நின்ற ஆசிரியர், இம்முறை பெட்டிக்குள் இருந்தவனுடைய முகத்தை மழையில் நின்றவளுடைய கண்களால் பார்த்துக்கொண்டார். அம்முகம் யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

இறுதியில் திருமணம் நடைபெறவில்லை. 1898 ஆகஸ்டில், தமது எழுபதாவது பிறந்தநாளன்று, அவன் அவளை மணக்கப்போவதில்லை, முடிவு கிடைத்துவிட்டது என்று டால்ஸ்டாய் பெருமகிழ்ச்சியோடு மனைவியிடம் கூறினார். காத்யூஷா, சைமன்சன் என்னும் அரசியல் கைதியோடு வாழத் துணிகிறாள். அவள் நெக்லூதவை நேசிக்கிறாள். நேசிப்பதாலேயே அவனை விடுவிக்கிறாள் என்று அவன் உணர்கிறான். அவன் அவளை மீட்கவில்லை. அவள் மதுவை விட்டதும், மருத்துவமனையில் பணி செய்ததும், உடன் கைதிகளின் தோழமையில் தலைநிமிர்ந்ததும் அவளுடையவை. அவனுடைய உதவி அவற்றுக்குச் சிறிது வழி திறந்தது, அவ்வளவே. பத்தாண்டுக் காலம் எழுதியவருக்கு இவ்வுண்மையை விளங்கவைத்தவள், அவரே கற்பித்த ஒரு சிறைப்பெண்.

நாவல் 1899 மார்ச்சு முதல் டிசம்பர் வரை 'நீவா' என்னும் வார இதழில் வெளிவந்தது. தம் நூல்களுக்கு ஊதியம் பெறுவதை விட்டிருந்த டால்ஸ்டாய் இதற்கு மட்டும் பெற்றார். போர்ச்சேவையை மறுத்ததால் ருஷ்ய அரசால் துன்புறுத்தப்பட்ட துகபோர் என்னும் சமயக் குழுவினர் கனடா நாட்டுக்குக் குடிபெயர அப்பணம் பயன்பட்டது. 7,000-க்கும் மேற்பட்டோர் கடல் கடந்தனர். 1901-இல் ருஷ்யத் திருச்சபை அவரைத் தன் ஐக்கியத்துக்குப் புறம்பானவரென அறிவித்தது. சிறைச்சாலை ஆராதனையை எள்ளும் அதிகாரங்கள் அதற்கு எண்ணெய் வார்த்தன என்பதில் ஐயமில்லை. அதை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை.

ஒரு குறையை மட்டும் சுட்டுவோம். காத்யூஷா சென்றபின் நெக்லூதவ் விடுதி அறையில் அமர்ந்து மத்தேயு நற்செய்தியை வாசிக்கிறான். நாவல் அதோடு முடிகிறது. எழுத்தாளர் செகாவ் 1900 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில், நாவலில் பலவற்றைப் போற்றிவிட்டு, இம்முடிவை ஏற்க மறுத்தார். எழுதி எழுதிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் ஒரு வேதவாக்கியத்தால் தீர்த்துவிடுவது முடிவாகாது என்பது அவர் வாதம். வேத வசனத்தால் வாழ்வு தீர்வதில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் செகாவ் சொன்னதில் பொருளுண்டு. காத்யூஷாவுக்கு முன் வாயடைத்து நின்ற ஆசிரியர், அவள் அறையைவிட்டுப் போனதும் மறுபடியும் பிரசங்க பீடம் ஏறிவிட்டார். கற்ற பாடம் கடைசிப் பக்கம்வரை நிலைப்பது அரிது போலும்.

எதிரியின் வாய்

தாஸ்தாயெவ்ஸ்கியைப் பற்றி ஒரு சொல். 1878 மே திங்களில் மூன்று வயது நிரம்பாத அவருடைய மகன் அலியோஷா வலிப்பு நோயால் இறந்தான். ஜூன் திங்களில் அவர் மெய்யியலாளர் சொலவியோவுடன் ஓப்தினா மடத்துக்குச் சென்று முதுதுறவி அம்புரோசியைக் கண்டார். 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலில் இளையவனுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். அதே நாவலில் குழந்தைகளின் துன்பத்தை முன்வைத்துக் கடவுளின் உலகை மறுக்கும் இவானுக்குத் தம்மிடமிருந்த வலிமையையெல்லாம் அளித்தார். விசுவாசியான ஆசிரியர் மறுப்பவனை வைக்கோல் பொம்மையாக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாததால், இவானுக்குத் தாம் வைத்திருக்கும் மறுமொழி போதுமா என்று 1879 ஆகஸ்டில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் நடுங்குகிறார். மறுமொழியாக அவர் தந்தது தர்க்கமன்று, சொசீமா என்னும் துறவியின் வாழ்வு. நம் குருமடங்களில் மறுப்புவாதம் கற்பிக்கும்போது, எதிராளியின் கேள்வி நம்மை நடுங்கவைக்கும் அளவுக்கு அதை உரக்கக் கேட்கவைக்கிறோமா என்பது ஆசிரியர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதொன்று.

ஓர் அறுப்பின் பண்டிகை நாடகம்

இவ்வளவும் எழுதியபின் நம் அனுபவத்தையும் மறைப்பதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபையில் பணிபுரிந்தபோது அறுப்பின் பண்டிகைக்கென்று நாடகமொன்று எழுதினோம். குடித்துக் குடும்பத்தை அழித்து ஊரைவிட்டு ஓடிய கணவன் எட்டு ஆண்டுகளுக்குப்பின் மனந்திரும்பி வருகிறான். மனைவி ஓடிவந்து கைகளைப் பற்றிக்கொள்கிறாள்; பிள்ளைகள் பாடுகின்றனர்; திரை. இளைய குமாரன் உவமையை நம் ஊருக்கு ஏற்றவாறு அமைத்துவிட்டோம் என்று பெருமிதம் கொண்டிருந்தோம்.

ஒத்திகையின்போது, மனைவியாக நடித்த சபைப் பெண்மணி அந்த இடத்தில் நின்றுவிட்டார். "ஐயரே, எட்டு வருஷம் இவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்க மாட்டானா?" என்றார். நாடகம் அரைமணி நேரத்துக்குள் முடியவேண்டும், ஏலத்துக்கு நேரமாகிவிடும் என்று சொன்னோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பண்டிகையன்று நாம் எழுதியபடியே ஓடிவந்து கைகளைப் பற்றினார். சபையார் கண்கலங்கினர். அவருடைய கணவர் வீட்டில் இல்லை என்பதும், எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது என்பதும் நமக்குப் பின்புதான் தெரியவந்தது.

உவமையில் தகப்பன் ஓடுகிறான் என்பது மெய்யே. ஆனால் அந்தத் தகப்பனுக்குப் பணியாட்களும் கொழுத்த கன்றும் இருந்தன. நம் நாடகத்தின் மனைவிக்குப் பிறர் வயலில் களையெடுக்கும் கூலி மட்டுமே இருந்தது என்பதை, எழுதிய நாம் அவளுக்கு அளித்திருந்தோம், அளித்துவிட்டு மறந்துவிட்டோம். தகப்பனுடைய ஓட்டத்தை அவள் கால்களில் கட்டிவிட்டோம்.

காத்யூஷாவின் சிறைக்காட்சியை அண்மையில் மாணவர்களோடு மறுபடி வாசிக்கும்போது அந்தப் பெண்மணியின் கேள்வி நினைவுக்கு வந்தது. பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடியெடுத்து, கடைசிக் காட்சியைத் திருத்த முயன்றிருக்கிறோம். இப்போது கணவன் முற்றத்தில் வந்து நிற்கிறான். மனைவி உள்ளே சென்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறாள். அவன் குடிக்கும்வரை நிலைப்படியில் நிற்கிறாள். அதன்பின் அவள் பேசவேண்டும். அவள் என்ன சொல்வாள் என்பது இதுவரை எழுதப்படவில்லை.